நார்வே போன சீசன் டிக்கெட்

சீசன் டிக்கெட்டைக் காணவில்லை என்று செல்வி என்னிடம் வந்து சொன்னபோது மதியம் மணி இரண்டு. மூன்று மணிக்குக் கன்டெய்னர். இரண்டாயிரத்து நானூறு ஜாக்கெட் பாலிபேக்குக்குள் போய், கார்ட்டனுக்குள் போய், டேப் ஒட்டி, கூரை வரைக்கும் அடுக்கியாகிவிட்டது.

"நல்லா தேடுனியாடீ?"

"தேடிட்டேன்க்கா. பை, டிபன் பாக்ஸ், ஜாக்கெட்டு, எல்லாம் பாத்துட்டேன்."

"எந்த ஜாக்கெட்டு?"

"நான் போட்டுனு கீறதுக்கா."

அவள் ரவிக்கையைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அறையலாம் போலவும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் கடைசியில் இருமல்தான் வெளியே வந்தது. ஏனென்றால் டிக்கெட் எங்கே இருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுக்கி வைத்த அந்த இரண்டாயிரத்து நானூறில் ஏதோ ஒன்றின் கைப் பாக்கெட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டிகள் நார்வேக்குப் போகின்றன.

நான் கௌதமி. பெங்களூரில் ஒரு எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். ஹெல்பராகச் சேர்ந்தேன், செக்கர் ஆனேன், ஃபினிஷிங் செக்ஷன் இன்சார்ஜாக வெளியே வந்தேன். கம்பெனி பேர் எழுத மாட்டேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாசம் எங்கள் கோலார் தங்கவயலில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். உலகமயமாக்கல் பற்றி ஒருவர் பேசினார். உலகம் சுருங்கி உள்ளங்கைக்குள் வந்துவிட்டது என்றார். அவர் ஒரு நாளாவது தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு மாரிக்குப்பம் பாசஞ்சரில் நின்றுகொண்டு வந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். உலகம் சுருங்கவில்லை. பங்காரப்பேட்டை தாண்டினால் கால் வைக்க இடமில்லை, அவ்வளவுதான். ஆனாலும் உலகத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அது ஒரு பாக்கெட் அளவு சம்பந்தம். அந்தக் கதைதான் இது.

1. எதுக்கு இந்தப் பாக்கெட்?

அது பனியில் போடுகிற ஜாக்கெட். எங்களில் ஒருத்தியும் ஃப்ரீசருக்கு வெளியே பனியைப் பார்த்ததில்லை. குளிர்காலத்துச் சரக்கை வெயில் காலத்தில்தான் தைக்க வேண்டும். ஏப்ரல் மாசம், தகரக் கூரை, மடியில் அந்தப் பஞ்சு மூட்டை. காய்ச்சல் வந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்ட மாதிரி சுடும்.

ஒரு ஜாக்கெட்டில் ஒன்பது பாக்கெட். எட்டு பாக்கெட் புரிந்தது. ஒன்பதாவது இடது கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஜிப் வைத்து, உள்ளங்கை அகலத்தில் இருந்தது. அது எதற்கென்று ஒருத்திக்கும் தெரியவில்லை. எங்கள் செக்ஷனில் அந்த சீசன் முழுக்க இதுதான் பேச்சு.

"கர்ச்சீப் வைக்கடீ. பனியில மூக்கு ஒழுவும்ல?"

"போயும் போயும் கை மேலயா வைப்பாங்க?"

"பின்ன நீ இன்னா காலாலயா மூக்கைத் தொடைக்கிற?"

பேக்கிங் செக்ஷனின் பாஷா பாய் சிவாஜிநகர்க்காரர். எந்தப் பேச்சு நடந்தாலும் டேப் கட்டரோடு வந்து நிற்பார். "தாயத்து வைக்கறதும்மா அது. குளிர் தேசத்துல ஷைத்தான் ஜாஸ்தி," என்றார். ரொம்ப நிச்சயமாகச் சொன்னதால் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள்.

நான் மெர்ச்சன்டைசரிடமே போய்க் கேட்டேன். சரக்கு வாங்குகிற பையரோடு மெயில் பேசுகிற பெண் அவள், பேர் ப்ரீத்தி.

"அக்சஸரி பாக்கெட் அக்கா."

"அப்படின்னா?"

"சின்னச் சின்ன ஐட்டம் வைக்கறது."

"இன்னா ஐட்டம்?"

"டெக் பேக்ல அவ்ளோதான் போட்டிருக்கு. தையுங்கக்கா. உங்களுக்கு எதுக்கு அது?"

எங்களுக்கு எதற்கு என்றால், பையர் அனுப்புகிற அளவுக் குறிப்பான அந்த டெக் பேக்கிலேயே இன்னொரு வரியும் இருந்தது. பாக்கெட்டுக்குள் ஓர் அட்டை தாராளமாகப் போக வேண்டும், ஜிப் தடையில்லாமல் மூட வேண்டும். என்ன அட்டை என்று இல்லை. மாதிரி அட்டையும் அனுப்பவில்லை. டெய்லர் தையலைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டால் பாக்கெட் சுருங்கிவிடும். எதைப் போட்டுப் பார்ப்பது? ஏ.டி.எம். கார்டைக் கேட்டால் ஒருத்தியும் தர மாட்டாள். அப்போதுதான் என் சீசன் டிக்கெட் ஞாபகம் வந்தது.

எங்கள் செக்ஷனில் பதினாலு செக்கர்கள். என்னையும் சேர்த்து ஒன்பது பேர் தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் வருகிறவர்கள். ஒன்பது பேரிடமும் பிளாஸ்டிக் கவர். ஒரு பக்கம் போட்டோ அட்டை, மறுபக்கம் மடித்த டிக்கெட். எந்த அட்டையையும் விடக் கொஞ்சம் பெரிசு. அது உள்ளே போய் ஜிப் மூடினால் எந்த அட்டையும் போகும். போடு, மூடு, திற, எடு, பாஸ் ஸ்டிக்கர் ஒட்டு, அடுத்தது. இதை நான்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். கன்னடக்கார மேனேஜர் சித்தராஜு சார் அந்தப் பக்கம் வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "கௌதமிக்குத் தலை சென்னாகி, நல்லா வேலை செய்யுது," என்றார். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவருக்கு அது ஞாபகம் இருக்காது.

செல்வி அந்தப் பதினாலு பேரில் கை வேகமானவள். வேகத்துக்காக ஒரு திருட்டு வழி வைத்திருந்தாள். ஸ்டிக்கரை முதலில் ஒட்டிவிடுவாள், பிறகு டிக்கெட்டைப் போட்டுப் பார்ப்பாள். அன்றைக்கு ஸ்டிக்கரை ஒட்டி, டிக்கெட்டை உள்ளே போட்டு, ஜிப்பை மூடுகிற நேரத்தில் ஒரு மணி பெல் அடித்தது. கேன்டீனில் சாம்பார் தீர்ந்துபோவதற்குள் ஓட வேண்டும். ஓடிவிட்டாள். ஸ்டிக்கர் ஒட்டிய ஜாக்கெட்டைப் பேக்கிங் ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழியில் நீடில் டிடெக்டர் இருக்கிறது. உடைந்த ஊசித் துண்டு, இரும்புத் தூள் எதுவாக இருந்தாலும் கத்தும். பிளாஸ்டிக்குக்குள் இருந்த செல்வியின் முகத்தைப் பார்த்து அது கத்தவில்லை.

2. ஏழு பெட்டி

நான் உடனே சித்தராஜு சாரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் கன்டெய்னர் நிற்கும். சென்னையில் கப்பல் நிற்காது. அப்புறம் யார் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் நான். அதனால்தான் போகவில்லை. இப்போது எழுதும்போதும் கசக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

பாஷா பாயிடம் போனேன்.

"பாய், ஒரு மணிக்கு மேல பேக் ஆன பெட்டி எது?"

"க்யா ஹுவா?"

சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். அடுத்த நிமிஷமே டேப் கட்டரை எடுத்தார். "அந்த அடுக்குல இருபது பெட்டி. லாரி வர்ற வரைக்கும் எத்தனை முடியுதோ அத்தனை. ஒரு பெட்டி எப்படித் தொறந்தேனோ அதே மாதிரி மூடித் தரணும். நம்பர் மாறக் கூடாது."

நான், செல்வி, பாஷா பாய். ஒரு பெட்டியில் பன்னிரண்டு ஜாக்கெட். கிழி, எடு, கைப் பாக்கெட்டை அமுக்கிப் பார், போடு, ஒட்டு. நாலாவது பெட்டியில் செல்வி "ஐயோ!" என்றாள். ஓடினேன். ஒரு ஜாக்கெட்டின் தலைமூடிக்குள் ஒரு முழம் கனகாம்பரம். யார் தலையிலிருந்தோ விழுந்து, தைத்து, செக் ஆகி, பேக் ஆகி, நார்வேக்குப் புறப்படத் தயாராக இருந்தது. ஐந்தாவதில் பாஷா பாயின் பென்சில். ஒரு வாரமாக அதைத் திருடியது யார் என்று மூன்று பேரோடு சண்டை போட்டிருந்தார். ஆறாவதில் கடலை மிட்டாய்த் தாள்.

"யா அல்லா, இது ஷிப்மென்ட்டா, காணாமப் போன பொருள் ஆபீசா?" என்றார் பாஷா பாய். செல்வி அழுதுகொண்டிருந்தவள் அப்படியே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. மூன்று பேரும் ஆளுக்கொரு ஜாக்கெட்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தோம்.

ஏழாவது பெட்டியில் இருக்கும்போது சித்தராஜு சார் வந்து நின்றார். பின்னால் லாரி.

"ஏய், பேகா பேகா, சீக்கிரம்! ஏன் தொறந்திருக்கு?"

"சைஸ் ஸ்டிக்கர்ல ஒரு டவுட் சார். ரீ-செக்," என்றேன்.

"குட்! இந்த மாதிரி ஆள்தான் கம்பெனிக்கு வேணும்," என்றார்.

பதின்மூன்று பெட்டி பாக்கி. எல்லாம் கன்டெய்னரில் ஏறின. கதவைச் சாத்தி சீல் போட்டார்கள். அந்த சீல் போடுகிற சத்தம் எனக்கு அவ்வளவு பெரிதாக என்றைக்கும் கேட்டதில்லை.

3. "நார்வேக்குப் போயிருக்கு சார்"

சாயங்காலம் கே.ஆர்.புரத்தில் ரயில் ஏறினோம். கவுன்டரில் அவ்வளவு கூட்டம், செல்விக்கு டிக்கெட் எடுக்க நேரமில்லை. ஒரு வருஷமாக எங்கள் பெட்டிப் பக்கம் வராத டி.டி.இ. அன்றைக்குத்தான் ஒயிட்ஃபீல்டில் ஏறினார்.

"டிக்கெட்."

நாங்கள் எட்டுப் பேர் கவரைத் தூக்கிக் காட்டினோம். செல்வி என் பின்னால் ஒளிந்தாள். அவள் என்னை விட ஒரு அடி உயரம்.

"உன்னுது எங்கம்மா?"

"இல்ல சார்."

"சீசன் இருக்குமே. தினம் பிளாட்பாரத்துல பாக்கறேனே உன்னை."

"இருக்கு சார். நார்வேக்குப் போயிருக்கு சார்."

பெட்டியே வெடித்துச் சிரித்தது. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கம்பியை விட்டுவிட்டார்கள்.

"நீ எங்க போறே?"

"மாரிக்குப்பம் சார்."

"டிக்கெட்டு எங்க போயிருக்கு?"

"நார்வே சார்."

"அப்ப நீயும் அங்கதானே போகணும்? இந்த வண்டி நார்வேக்குப் போகாது. மாலூர்லயே எதிர் வண்டிக்காக கிராசிங்குல நின்னுடும்."

நான் முழுக்கதையும் சொன்னேன். அவர் எங்கள் பக்கத்தில் இடம் ஒதுக்கி உட்கார்ந்துகொண்டு கேட்டார். தேவனகுந்தி தாண்டியும் எழுந்திருக்கவில்லை. கனகாம்பரத்தை இரண்டு தடவை சொல்ல வைத்தார். கடைசியில் எழுந்து, "நாளைக்குப் புதுசு எடுக்கணும். இல்லாம பாத்தேன், கார்கோவுல போட்டு நார்வேக்கே அனுப்பிடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் சிரித்துக்கொண்டே வீடு போனோம். மறுநாள் செல்வி புது டிக்கெட் எடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த லாட் டி-ஷர்ட், அதில் பாக்கெட்டே இல்லை. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

4. நோட்டீஸ் போர்டு

ஒன்பது மாசம் கழித்து ஒரு காலை. கார்டு பஞ்ச் பண்ணுகிற இடத்தில் கும்பல். நோட்டீஸ் போர்டில் செல்வியின் முகம், கலரில், ஒரு பக்கத் தாள் முழுக்க. மேலே சிவப்பு எழுத்தில் இங்கிலீஷ்: ஃபாரின் ஆப்ஜெக்ட் ஃபவுண்ட் இன் கார்மென்ட். ஜாக்கெட்டுக்குள் அயல்பொருள். ரயில்வே போட்டோ அட்டையை அப்படியே பெரிசு பண்ணி ஒட்டியிருந்தார்கள்.

"அயல்பொருளாமே! தங்கவயல்காரி எப்படி அயல்பொருள் ஆவா?" என்றாள் ஒருத்தி.

"செல்வி, கல்யாண ஆல்பத்தைக் காட்டிலும் இதுல நல்லா விழுந்திருக்கடீ."

செல்வி சிரிக்கவில்லை. எனக்கும் அன்று சிரிப்பு வரவில்லை. சித்தராஜு சார் அவளை ரூமுக்குக் கூப்பிட்டார். வெளியே வந்தவள் சொன்னாள்.

"நானே ரிசைன் எழுதிக் குடுத்துடணுமாம்க்கா. வெள்ளிக்கிழமை நார்வேயிலருந்து ஒரு மேடம் வர்றாங்களாம். அதுக்குள்ள ஆளை எடுத்துட்டோம்னு காட்டணுமாம்."

அவள் சம்பளத்தில்தான் அவள் தங்கை நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. புருஷன் கிடையாது, இருந்தவன் போய்விட்டான். ஒன்பது வருஷ செக்கர். வேறு ஃபேக்டரிக்குப் போனால் ஹெல்பரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அயல்பொருள் விட்டவள் என்று தெரிந்தால் அதுவும் கிடைக்காது.

"என் பேரைச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா."

நல்லது என்று நினைத்தேன். ஆமாம், அதைத்தான் நினைத்தேன். எனக்கு ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது. செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாள் அவள் முகம் போர்டில் இருந்தது, மூன்று நாளும் நான் அதைத் தாண்டிப் போய்க் கார்டு பஞ்ச் பண்ணினேன். வியாழக்கிழமை சித்தராஜு சாரிடம் போய், "சார், டிக்கெட் போட்டுப் பாக்கறது நம்ம எல்லாரும் செஞ்சதுதானே, நீங்ககூட..." என்று ஆரம்பித்தேன். "நானா? யாவாக? எப்போ?" என்றார். நான் அதோடு திரும்பி வந்துவிட்டேன். எல்லோரிடமும் வாய் நீளும் கௌதமிக்கு அன்று வாய் சுருண்டுகொண்டது.

5. ரெண்டாவது ஆள்

வெள்ளிக்கிழமை நார்வே மேடம் வந்தார். வெள்ளைக்காரியை எதிர்பார்த்தோம். வந்தவர் எங்கள் நிறம். நாற்பது வயசிருக்கும், கழுத்து வரைக்கும் வெட்டிய முடி, பேன்ட், பெரிய ஷூ. ப்ரீத்தியோடு இங்கிலீஷ் பேசினார், போனில் வேறு ஏதோ பாஷை பேசினார். பம்பாய்க்காரியாக இருக்கும் என்று பேசிக்கொண்டோம்.

"ஷூவைப் பாருடீ, ரெண்டு கிலோ இருக்கும்."

"எங்க வீட்டுத் தோசைக்கல்லு மாதிரி இருக்குது."

அவர் காதில் விழும்படியே பேசினோம். அவர் திரும்பி, சின்னதாகச் சிரித்துவிட்டு நடந்தார்.

மீட்டிங் ரூமில் அவர், சித்தராஜு சார், ப்ரீத்தி. இந்தப் பக்கம் செல்வியும் செக்ஷன் இன்சார்ஜ் என்று நானும். மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்த டிக்கெட். சித்தராஜு சார் இங்கிலீஷில் ரொம்ப நேரம் பேசினார். ஒன் வொர்க்கர், பர்சனல் மிஸ்டேக், ஆல்ரெடி ஆக்ஷன் டேக்கன். செல்வியின் ராஜினாமாக் கடிதத்தை மேடம் பக்கம் தள்ளினார். கையெழுத்து இல்லை, பேனா மேலேயே வைத்திருந்தது.

செல்வி என் பக்கம் சாய்ந்து, "அக்கா, இன்னா செய்யட்டும்? உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்றாள்.

நான் உதட்டை அசைக்காமல் தமிழில் சொன்னேன். "வாயை மூடிட்டு கையெழுத்துப் போடு. சொன்னா ரெண்டு பேர் வேலை போவும். சொல்லலைன்னா ஒரு ஆள் வேலைதான் போவும்."

நார்வே மேடம் தலையைத் தூக்கினார்.

"அப்ப மற்ற ஆள் ஆர்?"

சித்தராஜு சார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செல்வியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. எனக்கு முதலில் ஓடியது தோசைக்கல் ஞாபகம்தான்.

"மேடம், நீங்க தமிழா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஓம். யாழ்ப்பாணம். ஏழு வயசில நோர்வேக்குப் போனது. பேர் வாசுகி." பிளாஸ்டிக் பையை என் பக்கம் திருப்பி வைத்தார். "நான் கேட்டதுக்கு மறுமொழி வரேல்ல. மற்ற ஆள் ஆர்?"

இருபத்து மூன்று வருஷமாக நான் அந்த ஃபேக்டரியில் சத்தம் போட்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவைதான் வந்தது.

"நான்தான்."

வந்த பிறகு நிற்கவில்லை.

"நான்தான் மேடம் டிக்கெட்டைப் போட்டுப் பாருங்கன்னு சொன்னது. இவ ஒருத்தி இல்ல, ஒம்போது பேர் அதைத்தான் செஞ்சோம். காணோம்னு அன்னிக்கே தெரியும். ஏழு பெட்டி தொறந்தேன், கெடைக்கல, மூடிட்டு சும்மா இருந்துட்டேன். அது என் தப்பு. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். அட்டை போகணும்னு எழுதுனீங்களே, அட்டையை அனுப்புனீங்களா? அந்தப் பாக்கெட்டு எதுக்குன்னு கேட்டா அக்சஸரின்னாங்க. ரெண்டாயிரத்து நானூறு பாக்கெட்டு தச்சிருக்கோம், எதுக்குன்னே தெரியாம! தாயத்து வைக்கவா, மூக்குத் தொடைக்கவா? தெரிஞ்சவங்க சொல்ல மாட்டீங்க. தெரியாதவங்க செஞ்சா அயல்பொருளுன்னு போட்டோ போட்டு ஒட்டுவீங்க!"

சித்தராஜு சார் "கௌதமி, கௌதமி," என்று மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். வாசுகி மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அந்தப் பொக்கெட் எதுக்கெண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"இல்ல."

"அது சீசன் டிக்கெட் வைக்கிற பொக்கெட்."

நாங்கள் இரண்டு பேரும் அவரையே பார்த்தோம். கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"உண்மையாத்தான். அங்க மலையில கம்பியில கதிரை, உங்கட நாற்காலி, தொங்கும். சனம் அதில ஏறி மேல போகும். அதுக்குச் சீசன் பாஸ். அதை இந்தக் கைப் பொக்கெட்டில வைச்சு, கேட்டில கையைக் காட்டினா கேட் திறக்கும்."

"மேல போயி?" என்றாள் செல்வி.

"சறுக்கிக்கொண்டு கீழ வாறது."

"கீழ வந்து?"

"திருப்பி மேல போறது."

"எதுக்கு?"

"சும்மா. சந்தோசத்துக்கு."

செல்விதான் முதலில் ஆரம்பித்தாள். மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு நான். எங்கப்பா தங்கச் சுரங்கத்தில் டோக்கனைக் கொடுத்துவிட்டுக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினவர். வெளியே வந்தால் போதும் என்று வேலை செய்தவர். நான் டிக்கெட்டைக் காட்டிவிட்டுப் பெங்களூர் வந்து, டிக்கெட் எடுத்து மலை ஏறிச் சும்மாவே கீழே வருகிறவனுக்கு, டிக்கெட் வைக்கப் பாக்கெட் தைத்திருக்கிறேன், அதை என் டிக்கெட்டைப் போட்டே அளந்திருக்கிறேன்! நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணீர் வந்தது. வாசுகி மேடமும் சிரித்தார். ப்ரீத்தி தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். எதுவும் புரியாத சித்தராஜு சாரும் கடைசியில் சிரித்துவிட்டார், பையர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்கக் கூடாது என்பதற்காக.

சிரிப்பு அடங்கிய பிறகு மேடம் ஒரு தாளை எடுத்தார். டிக்கெட் கிடைத்த ஆள் கடையில் கொடுத்த கடிதம். எங்களுக்காகத் தமிழில் வாசித்தார். அந்த ஆள் கேட்டில் கையைக் காட்டியிருக்கிறார், கேட் திறக்கவில்லை. பின்னால் வரிசை நின்று கத்துகிறது. பாக்கெட்டைத் திறந்தால் அவர் பாஸுக்கு முன்னால் இன்னொரு பாஸ், அதில் ஒரு பெண் முகம். யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகிற டிக்கெட் என்னிடம் வந்துவிட்டது, தயவுசெய்து அவரிடம் சேர்த்துவிடுங்கள், அவர் அன்று எப்படி வீட்டுக்குப் போனார் என்றும் தெரிந்தால் சொல்லுங்கள். கடிதம் அவ்வளவுதான். புகார் என்று ஒரு வார்த்தை இல்லை.

கடையிலிருந்து அது தலைமை ஆபீஸ் போனது, அங்கிருந்து ஹாங்காங், அங்கிருந்து டெல்லி, அங்கிருந்து எங்கள் ஃபேக்டரி. ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் தன் தலைக்கு வரக் கூடாது என்று ஒரு வார்த்தையைக் கூட்டி அனுப்பினார். விசாரித்து வந்த கடிதம் எங்கள் நோட்டீஸ் போர்டில் அயல்பொருளாக வந்து ஒட்டிக்கொண்டது.

வாசுகி மேடம் பிளாஸ்டிக் பையைத் திறந்து டிக்கெட்டைச் செல்வியிடம் கொடுத்தார். "அண்டைக்கு எப்பிடிப் போனீங்கள்? அந்த ஆளுக்கு நான் மறுமொழி எழுத வேணும்."

செல்வி டி.டி.இ. கதையைச் சொன்னாள். மேடம் கிராசிங்கை இரண்டு தடவை சொல்ல வைத்தார். அதற்குள் அந்த ராஜினாமாத் தாளின் பின்பக்கத்தில் பாக்கெட்டின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தார். சித்தராஜு சார் அந்தத் தாளைத் திருப்பிக் கேட்கவில்லை.

புறப்படும்போது என்னிடம் மட்டும் தனியாக, "நீங்கள் அண்டைக்கே சொல்லியிருந்தா இந்தப் பிள்ளை மூண்டு நாள் அழுதிருக்காது," என்றார். பிறகு ஷூவைக் காட்டி, "ரெண்டு கிலோ இல்லை, ஒண்டரைதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

6. சங்கிலி

எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். மறைத்ததற்காக. நியாயமான மெமோ, இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். செல்வியின் போட்டோவைப் போர்டிலிருந்து நானே போய்க் கிழித்தேன்.

அடுத்த சீசனுக்கு நார்வேயிலிருந்து ஒரு கூரியர் வந்தது. சிவப்பு பிளாஸ்டிக் அட்டைகள், நம்பர் அடித்து. பாக்கெட்டை அளந்து பார்க்கிற பாக்கெட் கேஜ். கூடவே ஒரு தாள், இந்தப் பாக்கெட் எதற்கு என்று நாலு வரி, படத்தோடு. அட்டையை எடுத்து என் சீசன் கவர் மேல் வைத்துப் பார்த்தேன். நூல் பிசகவில்லை. ப்ரீத்தி சொன்னாள், பங்களாதேஷ், வியட்நாம், எல்லா ஃபேக்டரிக்கும் அதே அட்டைதான் போயிருக்கிறதாம். மாரிக்குப்பம் பாசஞ்சரின் டிக்கெட் கவர் அளவில் உலகம் முழுக்கப் பாக்கெட் தைக்கிறார்கள். இது தெரியாமல்தான் அந்தக் கூட்டத்தில் அவர் உள்ளங்கை என்று பேசிக்கொண்டிருந்தார்.

அட்டைகளை ஒவ்வொரு செக்கிங் மேஜையிலும் சங்கிலி போட்டுக் கட்டச் சொன்னது நான். இரும்புச் சங்கிலி. ஜாக்கெட்டோடு போனால் டிடெக்டர் கத்தட்டும்.

இனி இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று, தைக்கிறது எதற்கென்று கேளுங்கள். உனக்கு எதுக்கு என்பார்கள். மறுபடி கேளுங்கள். இரண்டாவது, தப்பு உங்களுடையது என்றால் அன்றைக்கே வாயைத் திறந்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியுமா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

செல்வி இப்போது அந்த செக்ஷனுக்கு இன்சார்ஜ். தங்கை ஆஸ்பத்திரியில் வேலையில் இருக்கிறாள். டிக்கெட் திரும்பி வந்த வாரம் அதே டி.டி.இ. அதே பெட்டியில் ஏறினார். செல்வி புது டிக்கெட்டைக் காட்டவில்லை, பழையதை எடுத்து நீட்டினாள்.

அவர் தேதியைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஒம்போது மாசம் ஆச்சேம்மா இது முடிஞ்சு."

"ஆமா சார். வழியில லேட்டாயிடுச்சு."